ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வீதி நாடகக் குழு தொடங்குகிறவர்களும், தங்கள் பகுதிக்கு ஒரு குழுவை வரவழைக்க நினைக்கிறவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் எங்கள் அபிப்பிராயமும் கலந்துதான் இருக்கும். அதில் முதன்மையானதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: நாடகம் நடக்கும் இடம் அங்கே புழங்குகிறவர்களுடையது, நாம் அங்கே விருந்தாளிகள். இடம், நேரம், நீளம், பேச்சு என்று எதை முடிவு செய்தாலும் நாங்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

மேடை நாடகத்தையே தெருவில் போட்டால் வீதி நாடகம் ஆகிவிடாதா?

ஆகாது. அரங்கத்துக்கு வருகிறவர் டிக்கெட் வாங்கி, தன் மாலைப் பொழுதை நமக்குத் தருவதென்று முடிவு செய்துவிட்டு வருகிறார். தெருவில் போகிறவர் அப்படி எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் பை இருக்கும், வீட்டில் வேலை கிடக்கும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகக்கூட வேண்டாம், ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறார். அவரை நிறுத்துகிற மாதிரி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் புரிகிற மாதிரி, நடுவில் வந்து சேர்ந்தாலும் பிடித்துக்கொள்கிற மாதிரி நாடகத்தை முதலிலிருந்தே கட்ட வேண்டும்.

கொல்கத்தாவில் பாதல் சர்க்கார் 1970களில் 'மூன்றாம் அரங்கு' என்ற பெயரில் செய்தது இதற்கு நல்ல பாடம். மேடை, விளக்கு, செட், டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனார். நடிகரின் உடம்பும், கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் பார்வையாளரும் மட்டும் மிஞ்சும்வரை போனார். செலவு குறைந்தது, எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. அதைவிடப் பெரிய விஷயம், பார்க்கிறவர் முகம் நடிப்பவருக்குத் தெரிந்தது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

மக்கள் ஏற்கெனவே கூடுகிற, ஆனால் அவசரத்தில் இல்லாத இடம். பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் தானாகவே இருக்கும். ஒரு பேருந்து வந்தால் பாதிப் பேர் ஏறிப் போய்விடுவார்கள். சந்தையின் வாசலில் எல்லாரும் நிற்பார்கள், ஆனால் வியாபாரிக்கு நாம் இடைஞ்சல். சந்தையின் ஓரத்தில், வாங்கி முடித்தவர்கள் மூச்சு விட்டுக்கொள்ள நிற்கிற மரத்தடி அதைவிடப் பல மடங்கு நல்லது. குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள திறந்தவெளி, தொழிற்சாலை வாசலுக்குச் சற்றுத் தள்ளிய மைதானம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் திடல் எல்லாம் பொருந்தும்.

நாடகத்துக்கு முந்தைய நாள், நாடகம் நடக்கப்போகும் அதே நேரத்தில், ஒருவராவது போய் அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் பார்த்த இடம் மாலையில் வேறு இடமாக இருக்கும். எந்த வழியாக ஆட்கள் நடக்கிறார்கள், தண்ணீர் லாரி எப்போது வருகிறது, ஒலிபெருக்கி எங்கே பாடுகிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வட்டமாகக் கூட்டம் நின்றால் யாராவது ஒரு பக்கத்துக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே நிழல் விழுகிற இடமாகத் தேடுங்கள். பின்னால் ஒரு சுவர் இருந்தால் குரல் சிதறாது.

தரையை வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, ஆணி, முள் எல்லாம் நடிகர் விழுந்து புரளும்போதுதான் தெரியவரும். சில குழுக்கள் கையோடு துடைப்பம் கொண்டுபோய் இடத்தைப் பெருக்குவதிலிருந்தே தொடங்குகின்றன. நல்ல பழக்கம். யாரோ வந்து தங்கள் இடத்தைப் பெருக்குவதைப் பார்த்தால், ஏன் என்று கேட்க நாலு பேர் வருவார்கள். பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

எந்த நேரம் சரி?

ஊரைக் கேளுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பி, சமையல் தொடங்குவதற்கு முன்பான இடைவெளி பல இடங்களில் சரியாக வரும். ஆனால் பெண்களுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று பெண்களிடமே கேட்க வேண்டும். ஏற்பாடு செய்யும் ஆண்களைக் கேட்டால் தங்களுக்குத் தோதான நேரத்தைத்தான் சொல்வார்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இரண்டு வகை அனுமதி உண்டு. ஒன்று காகிதத்தில் வாங்குவது: இடத்துக்குச் சொந்தமான உள்ளாட்சி அமைப்பு அல்லது துறை, காவல்துறை, ஒலிபெருக்கி வைத்தால் அதற்குத் தனி. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். எழுத்தில் கேளுங்கள், முத்திரையோடு வாங்குங்கள், நகல் ஒன்றை நாடகத்தின்போது கையில் வைத்திருங்கள். நடிக்காத ஒருவர்தான் அதை வைத்திருக்க வேண்டும். நாடகத்தின் நடுவில் அதிகாரி வந்தால் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேச ஓர் ஆள் வேண்டுமே.

இன்னொன்று வாயால் வாங்குவது. எதிர்க்கடைக்காரர், மாடியில் கைக்குழந்தையோடு இருப்பவர், அந்தத் திடலில் தினமும் பந்து விளையாடும் பையன்கள், வண்டி நிறுத்துகிறவர்கள். இவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், இன்ன நேரம், இத்தனை நிமிடம், முடிந்ததும் கிளம்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். முத்திரை போட்ட காகிதம் இருந்தும் எதிர்க்கடைக்காரர் ரேடியோவை அலறவிட்டால் நாடகம் போச்சு. அவரிடம் முன்பே பேசியிருந்தால், கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி அனுமதியை மறுத்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் 1962 முதல் பூங்காக்களில் இலவசமாக நாடகம் போட்டுவந்த குழு. 1965இல் அதன் நாடகம் பண்பாடற்றது என்று சொல்லி பூங்கா நிர்வாகம் அனுமதியை ரத்து செய்தது. குழு அறிவித்த நாளில் பூங்காவுக்குப் போனது, இயக்குநர் ஆர்.ஜி. டேவிஸ் அங்கேயே கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் குழு பூங்காக்களில் நடித்தது. இப்படி ஒரு முடிவை எடுப்பதானால் குழு முழுவதும் சேர்ந்து எடுக்க வேண்டும், வழக்கறிஞர் ஒருவர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இயக்குநரின் கோபம் ஒன்றை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

நாடகம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு 20 முதல் 30 நிமிடம். உட்கார வைக்க முடிந்தால் 40. அதற்கு மேல் வேண்டாம்.

குறைந்த நேரத்தில் ஆழமாகச் சொல்ல முடியாது என்பவர்களுக்கு ஓர் உதாரணம். டெல்லியைச் சேர்ந்த ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட முதல் வீதி நாடகம் 'மெஷின்'. சுமார் 13 நிமிடம்தான். ஒரு தொழிற்சாலையில் சைக்கிள் நிறுத்த இடமும் டீ குடிக்க ஒரு கேண்டீனும் கேட்ட தொழிலாளர்கள் சுடப்பட்ட செய்தியிலிருந்து பிறந்த நாடகம் அது. செட் கிடையாது. நடிகர்கள் தங்கள் உடம்புகளைக் கோத்து, வாயால் சத்தம் எழுப்பி, ஓர் இயந்திரமாக ஓடுவார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுபோகும். ஏன் நின்றது என்பதுதான் நாடகம். எழுதுகிறவர்கள் இந்தக் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும்: ஒரே ஒரு படிமம், அது கண்ணுக்கு முன்னால் உடைகிறது, மிச்சமெல்லாம் அதைச் சுற்றியே.

கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது?

புதிய குழுக்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறோம்.

குழு இரண்டாகப் பிரிந்து, திடலிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு வெவ்வேறு தெருக்களில் மேளத்தோடு தொடங்குகிறது. அடித்துக்கொண்டே திடலை நோக்கி நடக்கிறது. முதலில் குழந்தைகள் வந்துவிடுவார்கள், எப்போதும் அப்படித்தான். குழந்தைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்கப் பெரியவர்கள் வாசலுக்கு வருவார்கள். இரண்டு மேளமும் திடலில் சந்திக்கும்போது தாளம் மாறி வேகமெடுக்க வேண்டும். இதற்குள் மற்ற நடிகர்கள் தரையில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு முடித்திருப்பார்கள். வந்த குழந்தைகளைச் சட்டென்று கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வைத்துவிடுங்கள். அவர்கள் உட்கார்ந்ததும் வட்டத்துக்கு ஒரு கரை கிடைத்துவிடும். அடுத்து வருகிறவர்கள் தாங்களாகவே பின்னால் நிற்பார்கள்.

உடனே கதையைத் தொடங்கிவிடாதீர்கள். முதல் மூன்று நிமிடத்தில் பாட்டு, கோமாளித்தனம், நடிகர்களை அறிமுகம் செய்வது என்று ஏதாவது வையுங்கள். தவறவிட்டாலும் பாதகமில்லாத பகுதியாக அது இருக்க வேண்டும். பாதிக் கூட்டம் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும்.

இரண்டு நடிகர்கள் நடுத்தெருவில் நிஜச் சண்டை போடுவது மாதிரி தொடங்கும் உத்தி ஒன்று உண்டு. கூட்டம் நிச்சயம் சேரும். ஆனால் யாராவது விலக்க வந்து அடிபடலாம், காவல்துறையைக் கூப்பிடலாம். ஏமாற்றி நிற்க வைத்தவர்களிடம் பிறகு உண்மை பேசுவது கஷ்டம் என்பதால் நாங்கள் அதைச் செய்வதில்லை.

மைக் வேண்டாமா? பின்னால் நிற்பவருக்கு எப்படிக் கேட்கும்?

வட்டத்தின் அருமையே இதில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நடிக்கும் இடத்துக்கு 6 மீட்டர் விட்டம் வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். ஆளுக்கு 60 சென்டிமீட்டர் என்றால் முதல் வரிசையில் 30 பேர் தாராளமாக உட்காரலாம். வரிசைக்கு வரிசை வட்டம் பெரிதாவதால், நான்கு வரிசையில் 170 பேர்வரை வந்துவிடுவார்கள். நான்காவது வரிசையில் இருப்பவர் நடுமையத்திலிருந்து ஐந்தரை மீட்டர் தூரத்தில்தான் இருப்பார். அந்தத் தூரத்துக்கு மைக் எதற்கு? திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். ஆகவே குரலை ஏற்றுவதைவிட ஆட்களைக் கிட்டத்தில் வைத்துக்கொள்வதுதான் லாபம்.

வட்டத்தில் ஒரு தொல்லையும் உண்டு. நடிகர் எப்போதும் யாரோ ஒருவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். ஆகவே நின்ற இடத்தில் நீளமாகப் பேசாதீர்கள். ஒரு வாக்கியம் ஒரு பக்கம், திரும்பி அடுத்தது இன்னொரு பக்கம். முக்கியமான வசனத்தை வேறொரு நடிகர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேள்வியாகத் திருப்பிக் கேட்கலாம். தவறவிட்டவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். முகபாவத்தைவிட முதுகும் தோளும் கையும் பேச வேண்டும். ஒத்திகையையும் வட்டமாக உட்கார்ந்தே பாருங்கள். ஒரு பக்கம் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கும் இயக்குநர், தன்னையறியாமல் மேடை நாடகம்தான் செய்துகொண்டிருப்பார்.

என்னென்ன சாமான் எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு ஒரு கைக்குள் அடங்குவது. ஒரே நிறத்தில் உடை, நாலு கம்பு, சில துணிகள், மேளம், முதலுதவிப் பெட்டி, தண்ணீர். கம்பு துப்பாக்கியாகும், ஏராகும், சிறைக்கம்பியாகும். வேன் பிடித்துத்தான் கொண்டுபோக முடியும் என்ற அளவுக்கு செட் சேர்ந்துவிட்டால், வேன் கிடைக்காத நாளில் நாடகமும் கிடையாது.

வெளியூரிலிருந்து வருகிற நாம் அந்த மக்களின் பிரச்சினையைப் பேசலாமா?

பேசலாம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கே பாடமாக எடுக்கக் கூடாது.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் தன் அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவருடைய குழு அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள விவசாயிகளிடம் போய், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கிகளைத் தூக்கிப் பாடி நடித்தது. முடிந்ததும் விர்ஜீலியோ என்ற விவசாயி கண்கலங்க வந்து, உங்கள் துப்பாக்கிகளோடு எங்களுடன் வாருங்கள், நிலத்தைப் பிடித்திருப்பவனை விரட்டுவோம் என்று கூப்பிட்டார். இவை பொம்மைத் துப்பாக்கிகள், நாங்கள் கலைஞர்கள் என்று இவர்கள் மென்று விழுங்க வேண்டியதாயிற்று. அப்படியானால் சிந்தச் சொன்ன ரத்தம் எங்களுடையது மட்டும்தானா என்பதுதான் அந்த விவசாயியின் கேள்வி. தான் செய்யத் துணியாததை மற்றவர்களைச் செய்யச் சொல்லக் கூடாது என்று போவால் அன்று முடிவெடுத்தார்.

நாடகம் எழுதுவதற்கு முன்பே அந்தப் பகுதிக்குப் போய், பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கிடைத்த கதையை அப்படியே வைக்காதீர்கள். யாருடைய வீட்டுக் கதை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் சொன்னவர் மாட்டிக்கொள்வார். பெயர், தொழில், குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மாற்றுங்கள். முடிந்தால் அந்த ஊர்க்காரர்களையே நடிக்க வையுங்கள். 1965இல் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது லூயிஸ் வால்தேஸ் தொடங்கிய எல் தியாத்ரோ கம்பெசீனோ குழுவில் நடித்தவர்கள் அந்தத் தொழிலாளர்களேதான். தோட்டத்து ஓரத்தில் லாரியின் பின்தட்டே மேடை. முதலாளி யார், கங்காணி யார் என்று கழுத்தில் அட்டை தொங்கும். எதிரே நிற்கிறவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

மொழி தெரியாத பகுதிக்குப் போனால்?

வசனத்தை எடுத்துவிட்டு நாடகம் நிற்கிறதா பாருங்கள். 2021இல் 'லிட்டில் அமல்' என்ற மூன்றரை மீட்டர் உயரப் பொம்மை, அகதிச் சிறுமியாக, துருக்கியிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வரை சுமார் 8,000 கிலோமீட்டர் பயணித்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊருக்கு ஊர் அந்தந்தப் பகுதிக் கலைஞர்கள் தங்கள் பாணியில் அவளை வரவேற்றார்கள். அந்த வரவேற்பே ஒவ்வோர் ஊரிலும் நாடகமானது.

பார்வையாளர்களை நாடகத்துக்குள் இழுக்கலாமா?

இழுக்கக் கூடாது, அழைக்கலாம். கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினால் அவர் கூனிக்குறுகிப் போவார்.

முறையாக அழைப்பதற்குப் போவால் உருவாக்கிய மன்ற அரங்கு நல்ல வழி. 1973இல் பெருவில் அவர் வேலை செய்தபோது, பார்வையாளர் சொல்லும் யோசனையை நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். ஒரு பெண்மணிக்கு நடிகர்கள் செய்தது எதுவுமே திருப்தியாக இல்லை. அப்படியானால் நீங்களே வந்து செய்து காட்டுங்கள் என்றார் போவால். அவர் வந்தார், தான் நினைத்ததைச் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் இந்த முறை: பிரச்சினை தீராமல் முடியும் ஒரு சிறு நாடகம், அதையே திரும்ப நடிக்கும்போது யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று சொல்லி, பாதிக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம்.

இதற்கு நடத்துநர் ஒருவர் வேண்டும். வந்தவர் சொன்னது சரியா தவறா என்று அவர் தீர்ப்பு சொல்லக் கூடாது. "இப்படிச் செய்தால் நாளைக்கு வீட்டில் என்ன நடக்கும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆள் வருவதற்கு நேரமாகும். அந்த மௌனத்தைப் பேசி நிரப்பாமல் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள்.

யாராவது நடுவில் வந்து தகராறு செய்தால்?

குடித்திருக்கும் ஒருவர் வட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தள்ளினால் கூட்டம் அவரைத்தான் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் நடிகர், பாத்திரத்தை விடாமலேயே, "வாங்க அண்ணே, இந்தப் பஞ்சாயத்துக்கு நீங்கதான் சாட்சி, இப்படி உட்காருங்க" என்று தோளில் கைபோட்டு முன்வரிசையில், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடுவார்.

திட்டமிட்ட எதிர்ப்பு வேறு விஷயம். 1989 ஜனவரி 1 அன்று, டெல்லிக்கு அருகே சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் தொழிலாளர்கள் முன் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஜன நாட்டிய மஞ்ச் குழு தாக்கப்பட்டது. மறுநாள், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஃப்தர் ஹஷ்மி இறந்தார். அவருக்கு வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலோயஸ்ரீ ஹஷ்மியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நின்றுபோன நாடகத்தை நடித்து முடித்தார்கள். இந்தத் துணிச்சலை வணங்குகிறோம். அதனாலேயே பாதுகாப்பை அலட்சியம் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறோம். வெளியேறும் வழி இரண்டு தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வெளியே இருவர் நின்று கவனிக்க வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு தாளம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அது கேட்டதும் கேள்வி கேட்காமல் எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். குறிப்பாகப் பெண் நடிகர்கள், இந்த இடம் சரிப்படாது என்று சொன்னால் அதுவே முடிவு.

பணத்துக்கு என்ன செய்வது?

நாடகம் முடிந்த கையோடு, மேளம் ஓய்வதற்குள் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வாருங்கள். தராதவர் முன்னால் நிற்காதீர்கள். எவ்வளவு சேர்ந்தது என்று அங்கேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

அரசோ அமைப்போ பணம் தந்தால், கதையில் கடைசி வார்த்தை யாருடையது என்பதை ஒத்துக்கொள்வதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். ஒரே இடத்தின் பணத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. ஸ்பெயினில் 1932இல் கவிஞர் லோர்கா இயக்கிய லா பர்ராக்கா என்ற மாணவர் குழு, அரசு நிதியில் கிராமத்துச் சதுக்கங்களில் இலவசமாகப் பழைய ஸ்பானிய நாடகங்களைப் போட்டுவந்தது. ஆட்சி மாறியதும் நிதி வெட்டப்பட்டது.

மழை வந்தால்?

தூறல் என்றால் கூட்டம் முடிவு செய்யட்டும். அவர்கள் நின்றால் நாமும் நிற்போம். இடி மின்னல் என்றால் உடனே நிறுத்திவிட்டு எல்லாரும் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

போன ஊருக்கே மறுபடி போகலாமா?

கட்டாயம் போங்கள். புது ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, ஓர் ஊருக்கு மூன்றாவது தடவை போவதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். முதல் தடவை வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்த தடவை, போன நாடகத்தில் இன்ன இடம் சரியில்லை என்று யாராவது சொல்வார்கள். அதைக் குறித்துக்கொண்டு நாடகத்தில் மாற்றிவிட்டு, மறுபடி போகும்போது சொன்னவரைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். புது நாடகம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் போன தடவை நாடகத்துக்குப் பிறகு நடந்த பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, மனுக் கொடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தால், போய் இறங்கியதும் மனு என்ன ஆயிற்று என்று முதலில் கேளுங்கள், அப்புறம் மேளத்தை எடுக்கலாம்.